தவளைக்கு நிறம் பூசுகிறவள்

தபால்காரத் தவளைக்கு உருவம் கொடுத்தவள் நான். நிறம் கொடுத்தவள் என் தங்கை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் புத்தகம் வாங்குகிறவர்கள் நிறத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். "அடடா, என்ன பச்சை!" என்கிறார்கள். அந்தப் பச்சைக்குள் ஒரு தவளை நிற்கிறது, அதன் தோளில் ஒரு பை தொங்குகிறது, பையின் கனத்தில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறது. அதெல்லாம் தானாக முளைத்துவிட்டது என்று அவர்களுக்கு நினைப்பு. முதல் புத்தகம் வந்த நாளிலிருந்து இந்தக் கடுப்பை நான் மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

கதைகள் சின்னக் குழந்தைகளுக்கானவை. தவளையின் ஊரில் எப்போதும் மழை. அது வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும். ஒவ்வொரு புத்தகத்திலும் ஏதாவது ஒரு கடிதம் நனையும், அல்லது தொலையும், அல்லது தவறான வீட்டுக்குப் போய்ச் சேரும். கதையைப் பதிப்பகத்து மேடம் அனுப்புவார். படம் எங்கள் பொறுப்பு.

வீட்டில் மூன்று பேர். அம்மா, நான், சின்னவள். சின்னவள் என்றதும் யாரோ சிறுமி என்று நினைத்துவிட வேண்டாம், காதோரம் நரை எட்டிப் பார்க்கிற வயது அவளுக்கு. எனக்குப் பின்னால் பிறந்த குற்றத்துக்காக ஆயுள் முழுக்கச் சின்னவளாகவே இருக்கிறாள். சமையலறைக்குப் பக்கத்து அறை என்னுடையது. அதை ஒட்டியது அவளுடையது. நான் வரையும் திரையில் பேனாவால் கோடு போட்டு ஃபைலை அனுப்புவேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அதைத் திறந்து நிறம் பூசுவாள்.

காகிதம் கிடையாது, தண்ணீர்க் கிண்ணம் கிடையாது, எல்லாம் மென்பொருளுக்குள்தான். ஆனால் அதில் இருக்கிற வாட்டர்கலர் பிரஷ், நிஜத் தண்ணீர் செய்கிற அத்தனை சேட்டையும் செய்யும். பரவும், தேங்கும், ஓரத்தில் கருத்துக் காயும், பக்கத்து நிறத்தோடு சேர்ந்துகொண்டு குழம்பும். எந்தச் சேட்டையை எவ்வளவு செய்யலாம் என்று அதற்குச் சொல்லிவைக்க வரிசையாக ஸ்லைடர்கள் உண்டு. தண்ணீர் எவ்வளவு, நிறம் எவ்வளவு, ஓரம் எவ்வளவு கருக்கலாம், தாள் எவ்வளவு சொரசொரப்பு. சின்னவள் அவற்றைப் பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிறவள் மாதிரி மயிரிழை மயிரிழையாக நகர்த்துவாள். பிறகு பேனாவைத் திரையில் வைத்தாளா இல்லையா என்று சந்தேகம் வரும்படி லேசாகத் தொடுவாள். மழை இறங்கும்.

என் கை அந்த ரகம் இல்லை. நான் பென்சில் பிடித்த காலத்தில் அடுத்த மூன்று பக்கங்களிலும் தடம் பதியும். லிஃப்ட் பொத்தானை நான் அமுக்கினால் உள்ளே போனது வெளியே வர யோசிக்கும். "இவ பல்லு விளக்குற பிரஷ் ஒண்ணும் ஒரு மாசம் தாங்கினதில்ல" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். திரையில் வரைகிற பேனாவுக்கு நுனியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நிப் இருக்கும். தேய்ந்தால் மாற்ற வேண்டும். சின்னவள் வாங்கிய நாளில் வந்த நிப்பையே வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள். நான் ஒரு டப்பா நிறைய வாங்கி மேசையிலேயே வைத்திருப்பேன். கோட்டுக்கு இந்தக் கை பொருத்தம். தவளையின் பை கனமாகத் தெரிவது இந்தக் கையால்தான்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் சின்னவள் ஒரு நாள் கட்டையைப் போட்டாள். காலை டீ குடிக்கும்போது, சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"அக்கா, எனக்கு வேல கிடைச்சிருக்கு. கார்ட்டூன் படம் எடுக்கிற கம்பெனி. பின்னணி எல்லாம் நான்தான் வரையணும். வேற ஊரு."

"தவளை?"

"அங்க சேர்ந்துட்டா வெளி வேல எதுவும் செய்யக் கூடாதாம். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். இந்தப் புத்தகத்த முடிச்சுட்டுப் போறேன். அடுத்ததுலேருந்து நிறமும் நீயே போட்டுக்கோ."

நிறமும் நீயே போட்டுக்கோ. கடைக்குப் போகும்போது கதவைப் பூட்டிக்கோ என்பது மாதிரி.

எனக்கு அந்தத் தவளையைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. இதை அவள் அறியாதவள் அல்ல. நிறம் போட எனக்குத் தெரியாது என்பதும் தெரியும். படம் பழையபடி இல்லாவிட்டால் பதிப்பகம் தொடரை வேறு யாரிடமாவது தூக்கிக் கொடுத்துவிடும். தவளை பதிப்பகத்தின் சொத்து, எங்கள் சொத்து இல்லை. வேறு யாரோ என் தவளையின் தோளில் பையை மாட்டுவார்கள், அது நிமிர்ந்து நடக்கும்.

வீம்புக்கு அன்றைக்கே அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய பிரஷை எடுத்தேன். தவளையின் முதுகில் ஒரு இழுப்பு இழுத்தேன். திரையில் அணை உடைந்தது. பச்சை கரை தாண்டி ஓடி வானத்தில் ஏறியது. நிறுத்துவதாக நினைத்துப் பேனாவை அதே இடத்தில் ஊன்றினேன். அங்கே குட்டையாகத் தேங்கியது. கண் இருந்த இடம் தெரியவில்லை.

"கொன்னுட்டியேக்கா" என்றாள் சின்னவள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள் என்பது தோளில் தெரிந்தது.

"உன் பிரஷ் சரியில்ல."

"பிரஷ் என் கைக்குச் சரியாத்தான் இருக்கு. நீ எப்பவும் இவ்வளவு அழுத்துவியா? எங்க, சும்மா ஒரு கோடு இழு. இப்ப மெதுவா ஒண்ணு. வட்டம் ஒண்ணு போடு."

கோபத்தில் இழுத்தேன். குறுக்கும் நெடுக்குமாகத் திரை கொள்ளாமல் கிறுக்கினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்கிறாள் என்று எனக்கு இன்னும் ஏறியது. பேனாவை மேசையில் எறிந்துவிட்டு எழுந்தேன்.

"உன்ன மாதிரி எனக்கு ஒரு நாளும் வராது. குழந்தைங்க முட்டாள் இல்ல. போன புத்தகம் மாதிரி இந்தப் புத்தகம் இல்லேன்னா அதுங்களுக்கு உடனே தெரியும். நீ தாராளமாப் போ. தவளை செத்துப் போச்சுன்னு நான் மேடத்துக்கிட்ட சொல்லிடுறேன்."

"அக்கா, நான் என்ன சொல்றேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அத்தோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

ஒரே வீட்டில், ஒரே படத்தில் வேலை செய்துகொண்டு பேசாமல் இருப்பது சுலபமில்லை. சாப்பாட்டு விஷயத்துக்கு அம்மா இருந்தார். "அவளுக்கு உப்பு வேணுமான்னு கேளுங்க" என்று நான் சொன்னால், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் அம்மா திரும்பி, "உப்பு வேணுமா?" என்று கேட்பார். வேலை விஷயத்துக்கு லேயர்கள் இருந்தன. லேயர் என்றால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு ஒன்றில், வானம் ஒன்றில், தவளை ஒன்றில். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்கலாம். சாதாரணமாக 'கோடு', 'வானம்' என்று வைப்போம். இப்போது நான் அனுப்பிய ஃபைலில் 'கோடு - இதைத் தொடாதே' என்று வைத்தேன். திரும்பி வந்தபோது அதற்கு மேலே 'தொடலை, பக்கத்துல நிக்கிறேன்' என்று ஒரு லேயர் இருந்தது.

அப்படியே வளர்ந்தது. சண்டை போட இவ்வளவு வசதியான இடம் கிடைக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு தடவை ஃபைலைச் சுத்தம் செய்யாமல் அனுப்பிவிட்டேன். மேடம் ஃபோனில் கூப்பிட்டு, "'மூஞ்சியப் பாரு'ன்னு ஒரு லேயர் இருக்கு, அத அச்சுல வைக்கணுமா, எடுத்துடணுமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

சண்டைக்கு நல்ல காரணமும் இருந்தது. அந்தப் புத்தகத்தில் சின்னவள் போட்ட நிறம் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த முறை மேடம் இரண்டு கதை அனுப்பி எது வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் பனி மூட்டத்தில் தவளை வழி தவறும் கதையைச் சொன்னேன். பனி மூட்டம் என்றால் சின்னவளுக்கு அல்வா மாதிரி. ஆனால் அம்மா மூலமாக அவள் சொல்லியனுப்பினாள், புயல் கதைதான் வேண்டுமாம். போகிறவள் ஆசை என்று விட்டுக் கொடுத்தேன். முதல் பக்கம் நிறத்தோடு வந்தது. பார்த்ததும் திக்கென்றது. அவளுடைய மழை இது இல்லை. அவளுடைய மழை வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. இது கொட்டியது. ஒவ்வொரு வீச்சும் குட்டையாக, தடித்து, ஓரம் கருத்து நின்றது. எங்கேயும் பரவவில்லை. தவளையின் பச்சை கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைத்திருந்தது.

'வானம் ஏன் சேறா இருக்கு' என்று பெயர் வைத்து அனுப்பினேன்.

'புயல்னா அப்படித்தான்' என்று வந்தது.

'சோம்பேறி மேகம்' என்று வைத்தேன்.

'அம்மா டீ போட்டுட்டாங்க' என்று வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். மனசு அங்கே போய்விட்டது, கை மட்டும் இங்கே கடனே என்று பூசிக்கொண்டிருக்கிறது. பெரிய கம்பெனி, பெரிய திரை, சினிமா. இந்தத் தவளை இனி யாருக்கு வேண்டும்? இத்தனை வருடம் சோறு போட்ட தவளைக்கு, போகிற போக்கில் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி நாலு இழுப்பு.

நடிப்பு வேறு. வலது மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வளைய வந்தாள். சாப்பிட்டதும் அம்மா தைலம் தேய்த்துவிடுவார், வீடு முழுக்க அந்த வாசனை அடிக்கும். ஊறுகாய் ஜாடியைத் திறக்க முடியாமல் அம்மாவிடம் நீட்டினாள். ரொம்ப உழைக்கிறாளாம். முன்பெல்லாம் ஒரு வாரத்தில் விளையாட்டாக முடிக்கிற பக்கத்தை இப்போது அதற்கு மேலும் இழுத்தாள். பூசுவது இந்த லட்சணம், அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எனக்குள் பொருமினேன். ஒரு நாள் என் நிப் டப்பா பாதிக்குமேல் காலியாக இருந்தது.

"அம்மா, என் டப்பாவுல யாரு கை வச்சது?"

"அவ எடுத்தா. அவளோடது தேஞ்சு போச்சாம்."

"வாங்கித் திரும்ப வைக்கச் சொல்லுங்க."

"நீயே சொல்லேன். நான் என்ன, உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரத் தவளையா?"

அம்மாவுக்கு இப்படிச் சில சமயம் வாயில் நன்றாக வந்துவிடும்.

புத்தகம் முடிந்தது. மேடம் கூப்பிட்டார். "நிறம் இந்த முறை கொஞ்சம் பலமா இருக்கு. முதல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனா எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. புயல் பயமாத்தான் இருக்கு" என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். சின்னவள் ஏற்கெனவே தான் போகப்போவதைச் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. "அடுத்த புத்தகத்துக்கு நீங்க மட்டும்தான்னு கேள்விப்பட்டேன். மாதிரிக்கு ஒரு பக்கம் போட்டு அனுப்புங்க. பார்த்துட்டு முடிவு பண்றோம்" என்றும் சொன்னார். பார்த்துட்டு முடிவு பண்றோம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சின்னவள் அம்மாவை அனுப்பினாள். என் கம்ப்யூட்டரில் ஏதோ ஏற்ற வேண்டுமாம். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவள் உட்கார்ந்து தட்டினாள், எழுந்தாள்.

"ஒரு பிரஷ் வச்சிருக்கேன்" என்றாள். என்னிடம் நேராகப் பேசியது வெகு நாளைக்குப் பிறகு அதுதான்.

அவளிடம் ஒரு பட்டாளமே உண்டு. தூறலுக்கு ஒன்று, ஈரத் தரைக்கு ஒன்று, கண்ணாடி மேல் வழிகிற தண்ணீருக்கு ஒன்று. அத்தனையும் மூட்டை கட்டிக்கொண்டு எனக்கு ஒன்றே ஒன்று. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்தப் புத்தகத்துல நீ பூசியிருக்கிறதுக்கு, உன் பேரப் போடாம இருந்தாலே உனக்கு மரியாத."

அவள் முகம் ஒரு நொடி விழுந்தது. பிறகு மணிக்கட்டுத் துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினாள்.

"சரி, உன் பேர மட்டும் போடு" என்றாள்.

மறுநாள் காலையில் வண்டி வந்தது. அம்மா வாசலில் நின்று அழுதார். நான் பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தேன், பெட்டியைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை பேசினேன். இடது கையால் கதவைச் சாத்திக்கொண்டு அவள் போனாள்.

அதற்குப் பிறகு, மேடம் மாதிரிக்குக் கேட்ட பக்கத்தை நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். கோடு போட்டு முடித்துவிட்டேன். தவளை ஒரு வீட்டு வாசலில் நின்று மணியடிக்கிறது, படியில் மழைத் தண்ணீர் வழிகிறது. கோடு நன்றாகவே வந்திருந்தது. நிறம் என்று வந்ததும் ஃபைலை மூடிவிடுவேன். மேடத்திடம் என்ன சொல்வது என்று வாசகமெல்லாம் தயார் செய்துவிட்டேன். 'எனக்கு உடம்பு சரியில்லை, வேறு ஆளைப் பாருங்கள்.' சொல்லிவிட்டால் பிறகு நிம்மதியாகப் படுத்துத் தூங்கலாம்.

"போட்டுப் பாத்துட்டு அப்புறம் சொல்லேன்" என்றார் அம்மா. "போடாமயே வரலேன்னா எப்படி?"

அம்மாவின் தொல்லைக்காகத்தான் ஒரு மத்தியானம் உட்கார்ந்தேன். சின்னவள் வைத்துவிட்டுப் போன பிரஷைத் திறந்தேன். பெயர் 'தவளை' என்று மட்டும் இருந்தது. அணை உடையப்போகிறது என்று தெரிந்தே பேனாவைத் திரையில் ஊன்றி, தவளையின் முதுகில் ஒரு இழுப்பு இழுத்தேன்.

பச்சை வந்தது. நான் போகச் சொன்ன இடம்வரை போனது, நின்றது. ஓரம் மெல்லக் கருத்தது.

நான் பேனாவை எடுக்கவில்லை. அதே இடத்தில் வைத்து, என் வழக்கப்படி யோசித்துக்கொண்டே அழுத்தினேன். தேங்கவில்லை. நிறம் கொஞ்சம் ஆழமானது, அவ்வளவுதான். அடுத்த காலுக்குப் போனேன். பிறகு பை, பிறகு படி. படியில் வழிகிற தண்ணீரை வெடுக்கென்று மூன்று இழுப்பில் போட்டேன். தண்ணீர் வழிந்தது. அம்மா வந்து டீயை வைத்துவிட்டுப் போனதும் தெரியவில்லை.

பக்கம் முடிந்ததும் சந்தேகம் வந்தது. இந்தப் பச்சையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். புயல் புத்தகத்தின் ஃபைலைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். அதே குட்டையான வீச்சு. அதே கருத்த ஓரம். அதே விறைத்த பச்சை. எது அவள் பூசியது, எது நான் பூசியது என்று மேடம் இல்லை, நானே சொல்ல முடியாது. நான் சேறு என்று சொன்ன வானம், சோம்பேறி என்று சொன்ன மேகம், எல்லாம் என் கையிலிருந்து வருகிற மாதிரியே இருந்தன.

பிரஷின் செட்டிங்ஸைத் திறந்தேன். தண்ணீரைக் குறைத்திருந்தாள், என் கை ஊன்றினாலும் தேங்காதபடி. பரவுவதை அநேகமாக நிறுத்தியிருந்தாள். அழுத்தத்துக்கு ஒரு சின்ன வரைபடம் உண்டு, எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு நிறம் வர வேண்டும் என்று ஒரு கோடு ஏறும். அவளுடைய பழைய பிரஷில் அந்தக் கோடு தொட்டவுடன் செங்குத்தாக ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். இதில் அது வெகு தூரம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்து, கடைசியில்தான் எழுந்தது. அன்றைக்கு ஒரு கோடு இழு, வட்டம் போடு என்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, வேடிக்கை பார்க்கவில்லை. அளவெடுத்திருக்கிறாள்.

எனக்கு வேண்டிய மாதிரி ஒரு பிரஷ் செய்துகொடுத்திருக்கிறாள், நல்லது என்று அத்தோடு விட்டிருப்பேன். பேனாவைச் சும்மா கையில் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு, சின்னவள் தொடுகிற மாதிரி தொட்டுப் பார்க்கத் தோன்றியது. காலி பக்கம் ஒன்றைத் திறந்து, லேசாக, வைத்தேனா இல்லையா என்று தெரியாதபடி இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். வெள்ளை. சின்னவளின் கை அதிகபட்சம் அழுத்தும் அளவு என்று நான் நினைத்த அளவுக்கு அழுத்தினேன். அப்போதும் வெள்ளைதான்.

அந்தக் கையை வைத்துக்கொண்டு புத்தகம் முழுவதும் இந்த பிரஷில் பூசியிருக்கிறாள். ஒவ்வொரு மேகத்துக்கும், ஒவ்வொரு மழைக் கோட்டுக்கும், பேனாவைத் திரையில் குத்தி ஊன்றி. வருடக்கணக்கில் தேயாத நிப் தேய்ந்து, என் டப்பாவில் எடுத்து, அதுவும் தேய்ந்து. ஜாடியைத் திறக்க முடியாத மணிக்கட்டோடு. அதைத்தான் நான் நடிப்பு என்றேன். பேரைப் போடாதே என்றேன்.

எனக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு, சத்தம் போட்டுத்தான் அழுதேன். அம்மா ஓடி வந்து, "வரலையா? போனாப் போகுது, விடு" என்றார். "வந்துடுச்சும்மா" என்றேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு ஃபோனை எடுத்தேன். அவள் உடனே எடுத்தாள். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

"கை எப்படி இருக்கு?" என்றேன்.

"எந்தக் கை?"

"கழுத, உனக்கு எத்தன கை இருக்கு?"

அவள் எங்கேயோ நடந்துபோவது கேட்டது. சத்தம் குறைந்தது. "பரவாயில்லக்கா. இங்க என் பழைய பிரஷ்தான். டாக்டர் கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு சொன்னாரு" என்றாள். பிறகு, "போட்டுப் பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

"தேங்குதா?"

"தேங்கல." அழுகை வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "ஏன்டி இப்படிப் பண்ணே? கடைசிப் புத்தகம், உன் கைக்கு வர்ற மாதிரி அழகாப் பண்ணிட்டுப் போயிருக்கலாம்ல? பனி மூட்டக் கதைய நீ போட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்!"

"இருந்திருக்கும். அடுத்தத யாரு போடுவா?"

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"நீதானே சொன்னே, உன்ன மாதிரி எனக்கு வராது, குழந்தைங்களுக்குத் தெரிஞ்சிடும்னு. சரி, அக்கா நம்மள மாதிரி போட மாட்டா, நாம அக்கா மாதிரி போட்டுட்டுப் போயிடுவோம்னு பாத்தேன். புயல்ல நிறம் மாறினா யாரு கேக்கப் போறா?"

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எங்க சொல்றது? லேயர்லயா?"

சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையோடு சேர்ந்து அசிங்கமாக ஏதோ ஒரு சத்தமாக வெளியே வந்தது. மேடத்துக்கு ஃபோன் போட்டு அவள் பேரை முதலில் போடச் சொல்லப்போகிறேன் என்றேன். என் பேருக்கு மேலே. அவள் வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை.

"சரி, கேட்டுக்கோ" என்றாள். "அழுத்தம்னு ஒரு கோடு இருக்கு பாரு, அது கீழ படுத்துக்கிட்டு இருக்கும். இப்போதைக்கு அதத் தொடாதே. பின்னால உனக்கே கை லேசாயிடும். அப்ப கொஞ்சம் மேல தூக்கி விட்டுக்கோ."

"என் கை எங்க லேசாகப் போகுது?"

"வயசானா எல்லாருக்கும் ஆகும்க்கா."

"அப்ப நீ வந்து தூக்கி விடு" என்றேன்.

"சரி, வரேன்" என்றாள்.